நாற்சக்கர இயக்க ஊர்தியை ஜாக்கியில் ஏற்றுதல்

நாற்சக்கர இயக்க ஊர்தியை ஜாக்கியில் ஏற்றுதல் என்பது, ஜீப் போன்ற கனமான ஊர்தியின் பழுதடைந்த சக்கரத்தை மாற்றுவதற்காக அதன் ஒரு பகுதியைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் செயலாகும். சிறிய கார்களுக்கும் இது பொதுவானதே எனினும், எடை, உயரம், இயக்க அமைப்பு ஆகிய மூன்றினாலும் இவ்வகை ஊர்திகளில் இடர் கூடுதலாகும். கோயம்புத்தூரையும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டையும் பொறுத்தவரை மலைச் சாலைகள் இவ்விடரை மேலும் கூட்டுகின்றன. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், சத்தியமங்கலத்திற்கு வடக்கேயுள்ள திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகளும் உள்ளன. இச்சாலைகளில் சக்கரம் பழுதானால் சமதளமான இடம் கிடைப்பது அரிது.

பெயர்

தூக்கும் கருவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழில் ஜாக்கி என வழங்குகிறது. மாற்றுச் சக்கரம் தமிழ்நாட்டில் ஸ்டெப்னி எனப்படுகிறது. இது ஒரு வணிகப் பெயராகும். வேல்சு நாட்டின் லனெத்லி நகரிலுள்ள ஸ்டெப்னி தெருவில் 1904 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட மாற்றுச் சக்கரத்திற்கு அத்தெருவின் பெயரே இடப்பட்டது. கழன்ற சக்கரத்திற்குப் பதிலாக மாட்டப்படுவதாக அது இருக்கவில்லை. காற்று இறங்கிய சக்கரத்தின் பக்கவாட்டில் பிணைக்கப்படும் ஆரமற்ற வளையமாகவே இருந்தது. பொருள் மறைந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

கைத்தடை ஏன் போதாது

ஹேண்ட் பிரேக் எனப்படும் கைத்தடையை இழுத்துவிட்டால் ஊர்தி அசையாது என்று பலர் கருதுகின்றனர். ஜாக்கியிலிருந்து ஊர்தி சரிந்து விழுவதற்கு இந்நம்பிக்கை ஒரு முக்கியக் காரணமாகும்.

பெரும்பாலான ஊர்திகளில் கைத்தடை பின்சக்கரங்கள் இரண்டையும் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் தரையில் மீதமுள்ள ஒற்றைச் சக்கரமே முழு ஊர்தியையும் நிறுத்த வேண்டியதாகிறது. பழைய ஜீப்புகளில் நிலைமை இதனினும் மோசம். வில்லிஸ் ஜீப்பிலும், 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பொருத்தத் தொடங்கிய வரிசையைச் சேர்ந்த சிஜே-3பி போன்றவற்றிலும், கைத்தடை சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸ் எனப்படும் பகிர்வுப் பெட்டியின் பின்புறத்தில் அமைந்து, பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டை அது பிடிக்கிறது. சுழல்தண்டுக்கும் சக்கரங்களுக்கும் இடையே டிஃபரென்ஷியல் உள்ளது. தண்டு நின்றிருந்தாலும், ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழல டிஃபரென்ஷியல் இடம் கொடுக்கும். இரு சக்கரங்களும் தரையில் இருக்கும்போது இவ்வாறு எதிரெதிராகச் சுழல இயலாது. எனவே ஊர்தி நிற்கிறது. ஒன்றைத் தூக்கிய கணமே அது காற்றில் தடையின்றிச் சுழலத் தொடங்குகிறது, மற்றது தரையில் உருள்கிறது. கைத்தடை முழுமையாக இழுக்கப்பட்டிருந்தும் பயனில்லை. முதல் கியரில் நிறுத்துவதும் அதே தண்டையே பிடிப்பதால் அதுவும் உதவாது.

பகிர்வுப் பெட்டியின் நெம்புகோல் நடுநிலையில் இருந்தால் கியருக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இராது. தானியங்கி கியர் ஊர்திகளின் நிறுத்த நிலைக்கும் இது பொருந்தும். ஊர்தியைத் தூக்கும் முன் இந்நெம்புகோலைச் சரிபார்த்தல் வேண்டும். தேவைக்கேற்ப நாற்சக்கர இயக்கத்தை இணைக்கும் வகை ஊர்தியாயின், அதனை இணைத்து முதல் கியரில் நிறுத்துவது நன்று. அப்போது முன், பின் தண்டுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதால், பின்சக்கரம் தூக்கப்பட்டாலும் தரையிலுள்ள முன்சக்கரங்கள் ஊர்தியைப் பிடித்துக்கொள்ளும். முன்சக்கரங்களில் கையால் பூட்டும் ஹப்புகள் இருப்பின் அவற்றையும் பூட்ட வேண்டும்.

சரிவின் அளவையும் கருத வேண்டும். 2,000 கிலோகிராம் எடையுள்ள ஊர்தி, 15 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாலையில் நின்றால், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 133 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். உருளும் சக்கரத்தின் உராய்வு இதில் சிறு பகுதியையே ஈடுசெய்யும். ஆகவே சரிவில் எஞ்சும் பாதுகாப்பு, தரையிலுள்ள சக்கரங்களுக்கு வைக்கப்படும் கட்டையே. பின்சக்கரத்தைத் தூக்கும்போது முன்சக்கரங்கள் இரண்டிற்கும், முன்சக்கரத்தைத் தூக்கும்போது பின்சக்கரங்கள் இரண்டிற்கும், முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் முதலில். ஆப்பு வடிவ மரக்கட்டையே சிறந்தது. உருண்டைக் கல் சக்கரத்தோடு சேர்ந்து உருண்டுவிடும். மலைச்சாலைகளில் ஓட்டுநர்கள் வழியோரக் கல்லைப் பயன்படுத்துவது வழக்கம். வேலை முடிந்ததும் அதனைச் சாலையிலேயே விட்டுச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. இரவில் வளைவில் திரும்பும் இருசக்கர ஊர்தியாளர்க்கு அக்கல் பெரும் ஆபத்தாகும்.

தரையும் ஜாக்கியும்

மேற்கூறிய ஊர்தியின் ஒரு மூலையைத் தூக்க ஏறத்தாழ 500 முதல் 600 கிலோகிராம் வரை தாங்கினால் போதும். எனவே 2 டன் ஜாக்கியின் வலிமை போதுமானதே. பெரும்பாலும் குறைபடுவது ஜாக்கியின் உயரமும் தரையின் உறுதியுமே ஆகும். 10 செ.மீ. நீள அகலமுள்ள ஜாக்கியின் அடித்தட்டு 600 கிலோகிராமைத் தாங்கும்போது, தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 கிலோகிராம் அழுத்தம் ஏற்படுகிறது. தார்ச்சாலை இதனைத் தாங்கலாம். பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் காணப்படும் கரிசல் மண் மழைக்குப் பின் இதில் சிறு பங்கைக்கூடத் தாங்காது. 30 செ.மீ. நீள அகலமுள்ள தடித்த பலகையை அடியில் இட்டால் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். ஒரு பலகையை எப்போதும் ஊர்தியில் வைத்திருப்பது நல்லது. செங்கல்லையோ உள்ளீடற்ற சிமெண்ட் கல்லையோ அடுக்கக் கூடாது. அவை எச்சரிக்கையின்றி உடையும்.

பாட்டில் ஜாக்கி பாசுக்கலின் விதிப்படி எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. அது செங்குத்தாக நிற்க வேண்டும். உயர்த்தும்போது சாய்வது தெரிந்தால் இறக்கி மீண்டும் வைக்க வேண்டும். அதன் எண்ணெய் அடைப்பு கசிந்தால் ஊர்தி மெல்ல இறங்கும். ஆகவே ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்கி நிற்பதற்கு அன்று. பணிமனைகளில் முக்காலித் தாங்கி வைக்கப்படுகிறது. சாலையில் அதற்கு ஈடாக ஸ்டெப்னியைச் சட்டகத்தின் அடியில் படுக்கவைப்பர். சக்கரத்தைக் கழற்றியபின் கழற்றியதை அவ்விடத்தில் வைத்து ஸ்டெப்னியை எடுப்பர். ஊர்தி விழுந்தாலும் மனிதர் நசுங்காத இடைவெளி மிஞ்சும். எவ்வாறாயினும் உடலின் எப்பகுதியையும் ஊர்தியின் அடியில் நுழைக்கலாகாது.

ஜாக்கியை எங்கு வைப்பது என்பதற்கு ஊர்தியின் கையேடே முடிவானது. திண்ம அச்சு உடையவற்றில் அச்சின் அடியில், சக்கரத்திற்கு அருகில் வைத்தால் சக்கரம் உடனே எழும். சட்டகத்தில் வைத்தால் ஸ்பிரிங் முழுதும் தொங்கிய பின்னரே சக்கரம் தரையை விடும். ஊர்தி மிக உயர்ந்து நிலை தளரும். 2010 இல் வந்த மகிந்திரா தாரிலும் 2020 இல் வந்த புதிய தாரிலும் பின் அச்சு திண்ம அச்சாகும். முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்குவன. எனவே ஒரே ஊர்தியிலும் முன்னுக்கும் பின்னுக்கும் முறை வேறுபடும்.

மாற்றும் முறை

பயணிகள் அனைவரும் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் நிறுத்தாமல், காற்றில்லாத டயர் கெட்டாலும் நேரான பகுதி வரை மெல்ல ஓட்டிச் செல்வதே மேல். டயரின் விலை சிறிது. எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு முன்பே வைத்தால்தான் வருவோர்க்குத் தெரியும்.

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பின் வீல் ஸ்பேனரை வலித்து இழுப்பது ஊர்தியையே ஜாக்கியிலிருந்து தள்ளுவதற்கு ஒப்பாகும். காற்று நிரம்பிய ஸ்டெப்னிக்குக் கூடுதல் இடைவெளி தேவைப்படுவதால் இன்னும் சில சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருக்கும். புதிய சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராகக் கையால் முடுக்கி, ஊர்தியை இறக்கிய பின் அதே வரிசையில் இறுதியாக இறுக்குவர். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் வேண்டும்.

ஸ்டெப்னியின் விட்டம் மற்ற டயர்களினின்று வேறுபட்டால், தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கத்தை இணைத்து ஓட்டலாகாது. சுழல்தண்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று பகிர்வுப் பெட்டியின் பற்சக்கரங்களைச் சேதப்படுத்தும். தூக்கும் முன் பாதுகாப்புக்காக இணைத்த நெம்புகோலை, புறப்படும் முன் மறவாமல் விடுவிக்க வேண்டும்.