வேஷம் கலைக்கும் வேளை

வள்ளி திருமணம் நாடகத்தில் முருகப் பெருமான் மூன்று கோலம் எடுக்கிறார். வேலனாக வருகிறார், வேடனாக வருகிறார், கடைசியில் தள்ளாத கிழவராக வருகிறார். சபையோருக்கு மிகவும் பிடித்தது கிழவர் கோலந்தான். தடியை ஊன்றிக்கொண்டு வந்து, தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கல் எடுத்துத் தண்ணீருக்குத் தவித்து, நடுவில் வள்ளியைப் பார்த்து ஒரு கண் சிமிட்டினாரானால் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆகும். திண்டுக்கல் சீமையில் பங்குனி, சித்திரை மாதங்களில் அம்மன் கோயில் சாட்டி, காப்புக் கட்டிவிட்டால் ஏதாவது ஓர் ஊரிலாவது இந்த நாடகம் இல்லாமல் போகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாலிபனாகிய முருகன் கிழவனாக நடிக்கிறான் என்பது கதை. மேடையிலோ பல சமயங்களில் அறுபதை எட்டிக்கொண்டிருக்கும் ராஜபார்ட் நடிகர் ஒருவர் வாலிபனாக நடிக்கிறார். அந்த வாலிபன் கிழவனாக நடிப்பது போலவும் நடிக்கிறார். கிழவர் வேஷத்தில் அவருக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. தாடியைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடியும் முருகனாக நிமிர்ந்து நிற்க வேண்டுமே, அங்கேதான் முதுகு வலிக்கிறது.

பாடுகிறவனும் ஆடுகிறவனும் எப்போது நிறுத்த வேண்டும் என்ற கேள்வி மேல்நாட்டிலும் இப்போது அடிபடுகிறது. 1960களில் கிதாரைத் தூக்கிக்கொண்டு, வாலிபம் ஒன்றையே பொருளாக வைத்துப் பாடிய 'ராக்' சங்கீதக்காரர்கள் இன்று தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் மிக் ஜாகர் 1943ல் பிறந்தவர். 2024ல் எண்பது வயதைத் தாண்டியும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்த் துள்ளிக் குதித்துப் பாடினார். எல்டன் ஜான் என்பவர் விடைபெறும் யாத்திரையை 2018ல் தொடங்கி 2023ல் முடித்தார். நடுவில் கொள்ளை நோய் வந்து தடைப்பட்டது என்னவோ உண்மைதான். ஆனாலும் விடைபெறுவதற்கே ஐந்து வருஷம்! ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5ந் தேதி தம் சொந்த ஊரான பர்மிங்ஹாம் நகரிலேயே கடைசிக் கச்சேரி செய்தார். எழுந்து நிற்க முடியாத நிலையில், சிம்மாசனம் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். அதே மாதம் 22ந் தேதி காலமாகிவிட்டார்.

இவர்களைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலும் ஒரு தொனி இருக்கிறது. 'நிறுத்தத் தெரிய வேண்டாமோ?' என்று கேட்கும் தொனி. நம்முடைய நாடக மேடையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு சுலபமானதாகத் தோன்றவில்லை.

முதலாவதாக, நம் நாடகத்தில் நிறுத்தச் சொல்லும் கட்டளை கிழ வயதில் வரவில்லை; பதின்மூன்று, பதினான்கு வயதில் வந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தழைத்தவை பாய்ஸ் கம்பெனிகள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், காமிக் எல்லாமே சிறு பையன்கள். மணி போன்ற அந்தக் குரல் ஒரு நாள் கரகரக்கும். 'மகரக்கட்டு' என்று அதற்குப் பெயர். நேற்று வரை கம்பெனிக்குச் சோறு போட்ட பிள்ளை, இன்று திரை இழுக்கவோ ஊருக்குத் திரும்பவோ வேண்டியதுதான். பி.யு.சின்னப்பா அந்தக் கண்டத்தில் சிக்கியவர். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியேறி, சங்கீதம் பயின்றார், சிலம்பம் பழகினார், எடை தூக்கினார். பிறகு சினிமாவில் அவர் பெரிய நட்சத்திரமாக விளங்கியது எல்லோரும் அறிந்தது. ஆனால் சின்னப்பா ஒருவர்தான். அவரோடு குரல் உடைந்த மற்றப் பையன்களின் பெயரை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை.

நாடகத்தாருக்கு 'வாத்தியார்' என்றால் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவர் கொடுத்த சொத்து. முதலில் அவரும் வேஷம் கட்டியவர்தான். எமன், இரணியன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்கள். நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போனாராம். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் அந்த உருவத்தைப் பார்த்து அதிர்ச்சியில் உயிரை விட்டுவிட்டாளாம். அன்றோடு அரிதாரம் பூசுவதை விட்டார் என்பது நாடகத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அவர் வேஷத்தை விட்டது நிஜம். விட்ட பிறகு நாடகம் எழுதினார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்ற பிள்ளைகள். 1922ல் அவர் காலமாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நடிகர்கள் இன்றும் குருபூஜை நடத்துகிறார்கள். மேடையை விட்டு இறங்கியதால் குறைந்து போகாத மனிதர். இறங்கிய இடத்தில் அவருக்கு வேறொரு வேலை காத்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

கச்சேரி வித்வான்களிடமும் இதைக் காணலாம். முசிறி சுப்பிரமணிய ஐயர் 1899ல் பிறந்தவர். மேல் ஸ்தாயியில் அவர் செய்யும் நிரவலுக்காகவே ஜனங்கள் கூடினார்கள். நாற்பத்தைந்தை ஒட்டிய வயதில், உடல்நிலை இடங்கொடுக்காததால், கச்சேரி மேடையை விட்டார். 1949ல் சென்னையில் தோன்றிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல்வராகி, சீடர்களை உருவாக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1997ல் கணவர் சதாசிவம் காலமான பிறகு மேடையில் பாடவே இல்லை. செம்மங்குடியோ தொண்ணூறைத் தாண்டியும் பாடினார், சபையும் கேட்டது. உட்கார்ந்து பாடுகிறவருக்கு ஒரு சௌகரியம்: சுருதியை இறக்கிக்கொள்ளலாம், சங்கதிகளைக் குறைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் சீடனை வைத்துக்கொள்ளலாம். அழகாக இருக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்பதில்லை.

ராஜபார்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிலும் நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் ஒரு தனி தினுசு. கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகை கிடையாது. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் புதுக்கோட்டையிலும் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் வந்து தங்களுக்குப் பிடித்த ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி, தேதி கொடுத்து, அச்சாரம் வைப்பார்கள். நான்கு ஊரிலிருந்து நான்கு பேர் வந்து மேடையிலேயே சந்தித்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஆடுவார்கள். ரயில் வந்தது இதற்கு அனுகூலமாக இருந்தது. திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே 1875ல் ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ஒரு கிளையும் போட்டார்கள். திண்டுக்கல் ஜங்ஷனில் ஹார்மோனியப் பெட்டியோடு இறங்கி, மாட்டு வண்டி பிடித்துப் போன நடிகர்களை நினைத்துப் பாருங்கள். கம்பெனி நடிகனை முதலாளி நிறுத்துவான். சினிமா நடிகனை வசூல் நிறுத்தும். ஸ்பெஷல் நாடக நடிகனை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. தேதி கொடுக்க ஆள் வருவது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அவ்வளவுதான்.

ஒலிபெருக்கி வந்ததும் இதில் ஒரு திருப்பம். முன்பெல்லாம் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்குக் குரல் எட்ட வேண்டும். எட்டாத குரல் தானாகவே வீட்டுக்குப் போய்விடும். மைக் வந்து, தேய்ந்த குரலுக்கும் பத்துப் பதினைந்து வருஷம் ஆயுள் கூட்டியது. நல்லதா, கெட்டதா? நடிகனைக் கேட்டால் ஒரு பதில், கேட்பவனைக் கேட்டால் வேறு பதில்.

வேடசந்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஒரு முறை மேடைக்குப் பக்கத்தில், ஆர்மோனியக்காரருக்கு அருகில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டியதும் அவர் கை மெல்லக் கீழே நகர்ந்தது. அரைக்கட்டை இறக்கிவிட்டார். ராஜபார்ட் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் அந்தச் சுருதியில் வந்து சேர்ந்துகொண்டார். "சொன்னா அண்ணனுக்குக் கோவம் வரும் தம்பி. நானா இறக்கிட்டா அவரும் கண்டுக்கிறதில்லை" என்று என் காதில் சொன்னார் ஆர்மோனியக்காரர்.

மூன்று மணி சுமாருக்கு, பபூன் மேடையில் இருந்த சமயம், அந்த ராஜபார்ட் திரைக்குப் பின்னால் வந்து கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு மிளகு போட்ட வெந்நீரைக் குடித்தார். அரிதாரத்தில் வேர்வை கோடு கோடாக வழிந்திருந்தது. வாலிபத் துடுக்கில், "இன்னும் எத்தனை நாளைக்கு வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நிறுத்தச் சொல்றவங்க எல்லாரும் நல்லவங்கதான் தம்பி. ஆடி மாசம் வந்தா அரிசிக் கடைக்காரர்கிட்டே எனக்காக அவங்க வந்து பேசுவாங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது மட்டும்னு சொல்ல மாட்டேன். இப்பவும் ரெண்டு பாட்டு நல்லா விழுது. அந்த ரெண்டும் விழுறப்போ முன்வரிசையிலே இருக்கிற கிழவிங்க முகத்தைப் பார்க்கணுமே!" என்று சொல்லிவிட்டுக் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆடியோடு நாடகப் பருவம் ஓய்ந்துவிடும்; தை, மாசி வரை தேதி அநேகமாக இருக்காது. அவர் கணக்கு அது.

காலம் மாறியதால் நின்றவர்களும் உண்டு. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளிவந்து மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அதே வருஷக் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947ல் விடுதலையாகி வந்தபோது அவருக்கு முப்பத்தேழு வயதுதான். சாரீரம் போகவில்லை, சபை போயிருந்தது. பாட்டுக்காகக் கதை என்றிருந்த சினிமா, வசனத்துக்காகக் கதை என்று திரும்பிக்கொண்டிருந்தது. 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 1957ல் 'புதுவாழ்வு' என்று முயன்றுகொண்டே இருந்தார். ஒன்றும் பழைய சீரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1959 நவம்பர் முதல் தேதி, ஐம்பது நிறையாமலே காலமானார். அவரைப் போய் 'நிறுத்தத் தெரியாதவர்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தேழு வயதில் ஒரு மனிதன் எதை நிறுத்துவது?

கே.பி. சுந்தராம்பாள் கதை இதற்கு நேர் எதிர். கரூருக்கு அப்பால் காவிரிக் கரைக் கொடுமுடியில் 1908ல் பிறந்தவர். அவரும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஜோடி சேர்ந்த ஸ்பெஷல் நாடகங்களைப் பற்றிக் கேட்டவர்கள் வாய் ஓய்ந்ததில்லை. 1933 டிசம்பர் 2ந் தேதி கிட்டப்பா இருபத்தேழு வயதில் இறந்தார். நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கக் காலம் அவருக்கு அவகாசமே தரவில்லை. இருபத்தைந்து வயது சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். புகழின் உச்சியில் ஒரு கதாநாயகி தன் கதாநாயகி வேஷத்தைத் தானே கலைத்துவிட்டார். ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. சினிமாவுக்குக் கூப்பிட்டவரைத் தட்டிக் கழிப்பதற்காக ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். அவர் அதையும் கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். 1935ல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷத்தில் நந்தனாராகவே நடித்தார். 1953ல் ஜெமினியின் 'ஔவையார்'. 1964ல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். 1965ல் 'திருவிளையாட'லில் மறுபடியும் ஔவை.

ஔவையைப் பற்றி ஒரு கதை உண்டல்லவா? கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தபோது, பிள்ளையாரிடம் முறையிட்டு, இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டாளாம். சுந்தராம்பாள் பிள்ளையாரைக் கேட்காமலே அதைச் செய்துகொண்டார் என்று தோன்றுகிறது. முதுமையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டவருக்கு முதுமை வந்து என்ன செய்ய முடியும்? 1969ல் வந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரல் முரடாகியிருந்தது. ஔவைக்கு அந்த முரட்டுக் குரல் பொருந்தியது, வள்ளிக்குப் பொருந்தியிராது.

ஆனால் எல்லோரும் ஔவையாக முடியாது. ராஜபார்ட்டுக்கு அப்படி ஒரு வேஷமும் இல்லை. சர்க்காரின் இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதா மாதம் உதவித் தொகை கொடுக்கிறது. அது ஓர் ஆறுதல். சிலர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சிலர் நாரதர் வேஷத்துக்கு இறங்குகிறார்கள். நாரதருக்கு வள்ளியோடு தர்க்கம் உண்டு, நல்ல பாட்டும் உண்டு. ஆனால் காதல் இல்லை. வயது கேட்கும் வேஷமும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து நிலக்கோட்டைப் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு நாடக நோட்டீஸ் பார்த்தேன். முருகனுக்கு ஓர் இளைஞர் படம். அதற்குக் கீழே, நாரதர் என்று போட்டு, அன்று மிளகு வெந்நீர் குடித்த என் ராஜபார்ட் வாத்தியாரின் பெயர். படத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்திய படம். சுருள் முடி, மை தீட்டிய கண்.