சுவரைத் துளைத்த குழாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி ஆலயத்தின் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் யாத்திரிகர், கருங்கல் அடித்தளத்துக்கு மேலே செங்கலையும் சுதையையும் பிணைத்து நிற்பது சுண்ணாம்புச் சாந்து என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு கூட்டிச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் வார்த்துப் பக்குவப்படுத்தும் வித்தை தென்பாண்டிக் கொத்தனாரின் பரம்பரைச் சொத்து. அந்தச் சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை மாதக்கணக்கில் உட்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகும். மயிரிழை வெடிப்பு கண்டால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அங்கு படிந்து அதை அடைத்துவிடும்.

அந்நாளைய வீட்டில் துளை என்றால் சாளரம், மாடக்குழி, நீர்த்தூம்பு என்று சுவர் எழும்போதே விட்டுவைத்தவையே. எழுப்பி முடித்த சுவரை உளியால் குடைந்து அந்நியப் பொருளொன்றைச் செலுத்தும் வழக்கம், குழாயும் மின்கம்பியும் வந்த பின்னரே பரவியது. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் என்னும் நூற்பாலை தோன்றியது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நூற்பாலையில் காற்றின் ஈரம் குறைந்தால் இழை அறும். ஆகவே, ஈரக்காற்றைக் கசியவிடும் குழாய்ச் சந்து அங்கே அழகைப் பற்றிய விஷயமன்று, உற்பத்தியைப் பற்றிய விஷயம்.

வீடுகளில் மின்கம்பிக்கென்று சுவரில் பீங்கான் குழல் பதித்து, அதன் வெளிமுனையைச் சற்றே கீழே சரித்து, நுழையுமிடத்துக்கு முன்பாகக் கம்பியில் ஒரு தொங்கல் வளைவு விடுவார்கள். கம்பி வழியே ஓடிவரும் மழைநீர் அவ்வளைவின் அடியில் சொட்டி விழுமேயன்றி உள்ளே ஏறாது. அடைக்கும் எந்த வித்தையினும் இது உயர்ந்தது என்பது என் துணிபு. தண்ணீர்க் குழாய்க்கோ, சுற்றிலும் சணல் திரியை இறுகத் திணித்து, அதன்மேல் சாந்து பூசினார்கள்.

1957-இல் நிறுவப்பெற்ற மதராஸ் சிமெண்ட்ஸ், விருதுநகருக்கு அருகே ஆலை அமைத்துப் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டாக்க முற்பட்டபோது, கொத்தனாரின் கரணையில் வேறொரு கலவை ஏறியது. மூலம் அதே சுண்ணாம்புக்கல்தான். எனினும் களிமண்ணோடு கடும் உஷ்ணத்தில் வெந்த அது சில மணி நேரத்தில் இறுகிவிடும். தூணுக்கும் தளத்துக்கும் அதற்கு நிகரில்லை. குழாய்த் துளைக்கு மட்டும் அந்த இறுக்கமே பகையாயிற்று. சிமெண்டைத் தாராளமாய்ச் சேர்த்து அப்பிய கலவை உலரும்போது சுருங்கி, நகம் நுழையாத, ஆனால் நீர் நுழையும் ஒரு வளையத்தைக் குழாயைச் சுற்றி விட்டுவிடுகிறது. பின்னர் வந்த பி.வி.சி. குழாயோ வெயிலில் இரும்பைவிட ஏறத்தாழ 5 மடங்கு நீளும். இறுகிய கலவையால் அதனோடு நீளவும் சுருங்கவும் இயலாது. ஐப்பசி அடைமழையில் குழாயைச் சுற்றி ஈர வட்டம் படர்வதற்குக் காரணம் இதுவே.

இக்காலத்தில் சிலிக்கோன் பசையைப் பிதுக்கிப் பூசுகிறார்கள். அது ரப்பரைப்போல் குழாயோடு இசைந்து கொடுக்கிறது. ஆயினும் துளை ஆழமாயின், பசைக்குப் பின்னே முதலில் மெத்தென்ற நுரைக் கயிறொன்றைத் திணிக்கவேண்டும் என்கிறார்கள் தொழிலறிந்தவர்கள். பழைய கொத்தனார் சணல் திரியைத் திணித்ததும் அதே இடத்தில்தான்.