அளவு மாறிய துப்பாக்கிகள்

இருப்புப்பாதை ஊழியத்தில் இருப்போர்க்கு ‘அளவு’ என்பது அன்றாடச் சொல். அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 5 அடி 6 அங்குலம். மீட்டர்பாதையில் ஒரு மீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. 1992இல் ஒரே அளவுப் பாதைத் திட்டம் தொடங்கியபின் மீட்டர்பாதை அருகிவிட்டது. ஆயினும் நீலகிரி மலை ரயிலில் ஏறுவதற்கு மக்கள் கொள்ளும் ஆவலை நாம் அறிவோம். எங்கும் இருந்தபோது எவரும் பொருட்படுத்தாத ஒன்று, அரிதானபின் அன்புக்குரியதாகிறது. துப்பாக்கிகளிடத்தும் இவ்வியல்பைக் காணலாம். வழக்கிலில்லாத குழல் அளவுடைய துப்பாக்கிகளைத் தேடிப் போற்றுவோர் உலகெங்கும் உளர். அவ்வளவுகளுட் பல பிறந்ததற்கு நம் இந்திய நாடே காரணம் என்பது பலர் அறியாத செய்தி. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அளவு என்பது யாதெனக் காண்போம். ரைபிளின் அளவை அங்குலத்தின் பகுதியாகவோ மில்லிமீட்டராகவோ குறிப்பர். .303 எனில் குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு என்பது பொருள். ரவைகளைச் சிதறும் துப்பாக்கிக்குக் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எக்குழலுக்குப் பொருந்துமோ அது 12ஆம் எண் துப்பாக்கி. இவ்வாறு அளவு நுட்பமானதாதலின் ஒரு துப்பாக்கிக்குரிய தோட்டாவை மற்றொன்றில் இடலாகாது. இட்டால் சுடாது, அன்றிச் சுடுபவனையே கெடுக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1871இல் பிரிட்டிஷ் படை மார்ட்டினி–ஹென்றி என்னும் துப்பாக்கியை மேற்கொண்டது. அதன் அளவு .450. பின்னர்ப் புகையிலா வெடிமருந்து வந்தது. 1898இல் லண்டன் ரிக்பி கம்பெனியார் அதே .450 அளவில் யானை, காட்டெருமை முதலிய பெருவிலங்குகளுக்கென ஆற்றல் மிக்க வேட்டைத் தோட்டாவைச் செய்தனர். ஆங்கில அதிகாரிகளும் சுதேச மன்னர்களும் அவ்வளவு ரைபிள்களை விரும்பி வாங்கினர். ஆனால் அரசுக்கு ஓர் அச்சம் பிறந்தது. படையினின்று களவுபோன மார்ட்டினி துப்பாக்கிகள் கிளர்ச்சி செய்வோர் கையில் இருந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டு அவர்களுக்குப் பயன்பட்டுவிடுமே! ஆகவே 1907ஐ ஒட்டி .450 அளவு வேட்டை ரைபிள்கள் இந்தியாவிலும் சூடானிலும் தடைசெய்யப்பட்டன.

வாணிகர் வாளா இருப்பரோ? ஆணை விலக்கியது ஓர் எண்ணை மட்டுமே. எனவே அவ்வெண்ணைச் சிறிது மாற்றினர். .465, .470, .475, .476 எனப் புதிய அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. விலங்கின்மேல் இவற்றின் ஆற்றலில் பெரிய வேற்றுமை இல்லை. இவற்றுள் .470 பலராலும் செய்யப்பட்டுப் பரவிற்று. ஆப்பிரிக்க வேட்டைக்காரர் கையில் இன்றும் வழங்குகிறது. ஏனையவை அருகின. அருகியவற்றையே ஆர்வலர் தேடுகின்றனர். அவற்றின் குழலில் பொறித்த எண், மறைந்துபோன ஓர் ஆட்சியின் அச்சத்தைக் காட்டும் சாசனம் அன்றோ?

மற்றுமோர் எடுத்துக்காட்டும் உண்டு. படைத் துப்பாக்கி .303 ஆனபின் அவ்வளவு பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டா இந்நாட்டில் .315 என்னும் பெயர் பூண்டது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் அவ்வளவில் ரைபிள்கள் செய்யப்பட்டன. இன்று வெளிநாட்டு ஆர்வலர்க்கு அது புதுமைப் பொருள்; நம் வடநாட்டுக் கிராமங்களிலோ மிகப் பழகிய துப்பாக்கி. ஓரிடத்தில் அரியது மற்றோரிடத்தில் எளியது.

துப்பாக்கியும் அதை ஏந்தியவரும் பிரியாது நினைக்கப்படுவதும் உண்டு. ஜிம் கார்பெட் என்றதும் நமக்குப் புலி நினைவு வரும். ஆனால் அவர் இருப்புப்பாதையோடும் தொடர்புடையவர். கங்கைக் கரையில் மொகாமா காட் என்னுமிடத்தில், அகலப்பாதை வண்டியில் வந்த சரக்குகள் ஆற்றைக் கடந்து மீட்டர்பாதை வண்டிக்குச் செல்லவேண்டும். அச்சரக்கை மாற்றி ஏற்றும் ஒப்பந்தத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் அவர். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை அவர் கொன்றமைக்காக ஐக்கிய மாகாணத்து லெப்டினண்ட் கவர்னர் ஒரு ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். அதன் அளவு .275, ஜெர்மானிய 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. பெருவிலங்குக்குப் பெருங்குழலே வேண்டும் என்பது அக்காலக் கொள்கை. அவரோ இச்சிறு குழலைச் சுமந்து மலையேறினார். 1926இல் ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியதும் இதனாலேயே. 2015இல் ரிக்பி கம்பெனியார் அதனை மீண்டும் தம்மிடம் பெற்றுப் பாதுகாத்து வருகின்றனர்.

தென்னாட்டில் கென்னத் ஆண்டர்சன் உளர். 1910 முதல் 1974 வரை வாழ்ந்த இப்பெங்களூர்க்காரர், நம் ஜவளகிரி, பெண்ணாகரம் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாடியவர். அவர் கையில் இருந்தது .405 அளவுடைய அமெரிக்க வின்செஸ்டர் ரைபிள். 1904இல் தோன்றிய அத்தோட்டாவை 1909ஆம் ஆண்டு ஆப்பிரிக்க வேட்டையில் தியோடர் ரூசவெல்ட் பயன்படுத்திப் புகழ்ந்தார். ஆயினும் நாளடைவில் அது செய்வாரற்று நின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் மீண்டும் செய்யத் தொடங்கினர்.

அத்தகைய .405 ஒன்றை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். எம் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வீட்டில் அது இருந்தது. வனத்துறையில் ரேஞ்சராயிருந்த அவர் பாட்டனாருக்கு ஓர் ஆங்கில அதிகாரி ஊர் திரும்பும்போது கொடுத்துச் சென்றதாம். எஞ்சிய தோட்டாக்கள் மூன்றே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் வேட்டைக்கும் இடமில்லை. எனினும் அவர் தவறாது உரிமத்தைப் புதுப்பிப்பார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவார். ஆயுத பூஜையன்று எண்ணெயிட்டுத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். “சுடாத துப்பாக்கிக்கு ஏன் ஐயா இத்தனை பாடு?” என்று ஒருநாள் கேட்டேன். “கடையில் தோட்டா கிடைத்திருந்தால் இதற்கு இவ்வளவு மதிப்பு வைத்திருப்பேனா என்பது ஐயமே, தம்பி” என்றார்.

அவ்விடையில் இவ்வாசையின் உட்பொருள் அடங்கியுள்ளது. பொதுவான துப்பாக்கிக்குத் தோட்டா கடையில் கிடைக்கும். அரியதற்கோ உடையவனே பாடுபடவேண்டும். மேனாடுகளில் 24ஆம் எண் துப்பாக்கியின் பித்தளை உறையைப் பதப்படுத்தி, மார்ட்டினி–ஹென்றிக்கேற்பச் சுருக்கி, தாமே ஈயம் வார்த்து நிரப்புவோர் உளர். ஒருநாள் உழைப்பு ஒருசில வெடிகளில் முடியும். ஆகவே ஒவ்வொரு வெடியையும் எண்ணிச் சுடுவர். அவ்வெண்ணிக்கையே அவர்க்கு இன்பம். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றமாதலின் அவ்வழி நமக்கு இல்லை. பேணுதல் ஒன்றே உண்டு.

பெரியவர் காலமானபின் மக்கள் இருவரும் வெளியூரில் இருந்தமையால் உரிமம் பெற முன்வரவில்லை. துப்பாக்கி முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டே இருத்தல் வேண்டும். என் வருத்தம் வேறு. அவ்வதிகாரியின் பெயர் என்ன, எக்காட்டில் எவ்வாண்டில் அது கைம்மாறிற்று என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நானும் கேட்டிலேன். கார்பெட்டின் ரைபிளில் பரிசளித்த செய்தியை வெள்ளித்தகட்டில் பொறித்திருந்தமையால் அதன் வரலாறு நின்றது. இதற்கு அத்தகடு இல்லை.

நம் காலனி வீடுகளில் துப்பாக்கி இல்லாதிருக்கலாம். பாட்டனாரின் கைவிளக்கோ பழைய தராசோ இருக்கக்கூடும். அவற்றின் கதையை அறிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோமாக.