பம்பாய் வீடுகளும் முதுமையும்

மாதுங்காவின் மாடி வீடுகளைப் பம்பாய்த் தமிழர்க்கு விவரிக்க வேண்டுவதில்லை. அவை எழுந்ததற்கு மூலகாரணம் ஒரு கொள்ளைநோய் என்பதை மட்டும் நினைவூட்டலாம். 1896-இல் பரவிய பிளேக்கின் விளைவாக, 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பெற்றது. நெரிசலைக் குறைக்கும் பொருட்டு அது தாதர், மாதுங்கா பகுதிகளில் மனைகளை வகுத்தது. பின்னர் அங்கெழுந்த மூன்று, நான்கு அடுக்கு இல்லங்களில் தென்னாட்டு எழுத்தர்கள் குடிபுகுந்தனர். காற்றையும் வெளிச்சத்தையும் எண்ணியவர்கள் முதுமையை எண்ணினார்களில்லை.

1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் தேதி வாடகையை அளவுகோலாகக் கொண்டது. ஓய்வூதியம் பெறுவோருக்கு அது பெருந்துணை. ஆனால் வரும்படி குன்றிய உரிமையாளர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். அதற்கெனவே 1969-இல் சட்டமியற்றி ஒரு வாரியம் அமைக்க நேர்ந்தது. படிகள் தேய்ந்தன, லிஃப்ட் வைப்பார் யார்? மூன்றாம் மாடி மூதாட்டி கோயிலுக்கு இறங்கவும் இயலாதவரானார். வேறிடம் சென்றாலோ அந்த வாடகை கிட்டாது. மலிவே அவரைச் சிறைவைத்தது எனலாம்.

ஒர்லி, நாய்காம் முதலிய இடங்களில் 1920-களில் எழுந்த அரசாங்கச் சால்களில் அறை 160 சதுர அடி, கழிப்பிடமோ பொது. நள்ளிரவில் தள்ளாத கிழவர் தாழ்வாரத்தைக் கடந்து செல்லும் பாட்டை அங்கு வாழ்ந்தோரே அறிவர். அவற்றுக்கு ஈடாக இப்பொழுது 500 சதுர அடி வீடுகள் அடுக்குமாடிகளில் எழுகின்றன. கழிப்பறை உள்ளேயே உண்டு, லிஃப்டும் உண்டு. அவற்றின் பராமரிப்புச் செலவை முதியோரின் சொற்ப வருவாய் தாங்குமா என்பது வேறு கேள்வி.

கல்யாண் அருகிலிருந்த போர்க்காலப் படைமுகாமில், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜி அங்கு அடிக்கல் நாட்ட, அது உல்லாஸ்நகர் ஆயிற்று. பட்டாளக் கொட்டடிகளில் வசதி மிகக் குறைவு. எனினும் அவை தரையோடு தரையாயிருந்தமையால், முதியோர் படியேறாது வெளிவரவும், வாயிலில் அமர்ந்து அயலாரோடு அளவளாவவும் முடிந்தது. எவரும் திட்டமிடாமல் வாய்த்த நன்மை அது!

திட்டமிட்ட நன்மை மிகவும் தாமதித்தே வந்தது. முதியோர் இல்லங்களுக்கான மத்திய அரசின் மாதிரி நெறிமுறைகள் 2019-இல்தான் வெளியாயின. சக்கர நாற்காலி செல்லும் வழி, வழுக்காத தரை, கைப்பிடி யாவும் அவற்றில் உள்ளன. ஆனால் அவை புதிய இல்லங்களைக் கருதியவை. மாதுங்காவில் பெற்றோர் மாடியிலிருக்க, பிள்ளைகள் கல்யாணிலும் டோம்பிவிலியிலும் வீடு வாங்கி, ரயிலேறி வந்து பார்த்துச் செல்கின்றனர். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு எழுமிடங்களில், வரைபடத்தில் கையெழுத்திடுமுன் வாயிற்படியின் உயரத்தையும் குளியலறைக் கதவின் அகலத்தையும் கேட்டறிவது நன்று.