திருப்பூர் டி-ஷர்ட்டுக்கும் மினிக்காய் தீவு கலங்கரை விளக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

மூலனூர், தாராபுரம் பக்கமிருந்து கம்பெனி பஸ் ஏறி திருப்பூர் போகிறவர்கள் தைக்கும் டி-ஷர்ட், கன்டெய்னரில் தூத்துக்குடி துறைமுகம் போகிறது. பல சமயம் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அங்கிருந்து சூயஸ் வழியாக ஐரோப்பா போகும் கப்பல், மாலத்தீவுக்கும் நம்ம லட்சத்தீவுக்கும் நடுவே இருக்கிற எட்டு டிகிரி சேனலைத் தாண்டணும். அந்தப் பாதையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது மினிக்காய்.

சின்னத் தீவுதானே, என்ன ஆபத்து? சின்னதாக இருப்பதுதான் பிரச்சினை. கடல் மட்டத்தைவிட சில மீட்டர்தான் உயரம், சுற்றிலும் பவளப்பாறை. ராத்திரியில் பக்கத்தில் வந்தாலும் தெரியாது. 1862-ல் 'கொழும்பு' என்ற பிரிட்டிஷ் தபால் கப்பல் இங்கேதான் மோதி உடைந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல் நடமாட்டம் கூடியது. 1885-ல் பிரிட்டிஷார் சுமார் 49 மீட்டர் உயரத்தில் விளக்கு கட்டி முடித்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் இது பிரிட்டன் கையிலேயே இருந்தது. இந்தியாவிடம் வந்தது 1956-ல்தான்!

எப்படி வேலை செய்கிறது?

பூமி உருண்டை என்பதால் தூரத்து வெளிச்சம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அதனால்தான் இவ்வளவு உயரம். கப்பலில் 25 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு, கணக்குப்படி சுமார் 45 கி.மீ. தொலைவிலேயே ஒளி தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால் நாலாபக்கமும் சிதறும் வெளிச்சம் அவ்வளவு தூரம் போகாது. பிரான்ஸ் விஞ்ஞானி ஃபிரெனெல் 1820-களில் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஒரே கனமான லென்ஸுக்குப் பதில், கண்ணாடி வளையங்களை அடுக்கி ஒளியை ஒரே கற்றையாகத் திருப்பிவிடுவது. லென்ஸ் சுழலும்போது, தூரத்தில் இருப்பவருக்கு விட்டுவிட்டு மின்னுவதாகத் தெரியும். அந்த இடைவெளி ஒவ்வொரு விளக்குக்கும் வேற வேற. எண்ணிப் பார்த்து, கையிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டாலே எந்த இடம் என்று மாலுமிக்குப் புரிந்துவிடும்.

சரி, ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதுக்கு?

ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்ப முடியும். 2025 மே மாதம் செங்கடலில், ஜெட்டா அருகே 'எம்எஸ்சி அன்டோனியா' என்ற கன்டெய்னர் கப்பல் தரைதட்டியது. ஜிபிஎஸ் குளறுபடிதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கப்பட்டது. திருப்பூர் சரக்கும் சூயஸுக்குப் போகிற அதே செங்கடல்தான். கண்ணால் பார்க்கிற விளக்கை அப்படி யாரும் ஏமாற்ற முடியாது.

செலவு யார் தலையில்?

இந்தியத் துறைமுகங்களுக்கு வந்து போகும் கப்பல்களிடம் மத்திய அரசு இதற்கென்றே கட்டணம் வாங்குகிறது. முன்பு 1927-ம் வருடச் சட்டப்படி, இப்போது அதன் இடத்தில் வந்த 2021 சட்டப்படி. இந்தியாவில் நிற்காமல் மினிக்காயைக் கடந்து போகிற கப்பலுக்கு வெளிச்சம் இலவசம். தூத்துக்குடிக்கு வருகிற கப்பல்தான் கட்டணும்.