குறிலும் நெடிலுமாய் ஒரு நிரல்

பழைய கணினி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி உயிர்ப்பித்துவிடலாம். ஆனால் அதில் ஓட்டுவதற்கான நிரலுக்கு எங்கே போவது? 1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் யுஎஸ்பி துளை கிடையாது. வட்டு இயக்கியும் கிடையாது. நிரலை அது வாங்கிக்கொள்ளும் வழி ஒலிதான்.

அந்நாளில் நிரல்கள் சாதாரண ஒலிநாடாக்களில் விற்கப்பட்டன. பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு கம்பி, கணினியின் 'இயர்' என்ற துளைக்குச் செல்லும். முதலில் ஐந்து விநாடிகள் ஒரே சுருதியில் நீளும் ஓசை. 'செய்தி வருகிறது, செவி கொடு' என்பது அதன் பொருள். அதன்பின் கீச்சொலிகளின் பெருமழை. சுழியத்தைக் குறிக்கும் அலை ஏறத்தாழ அரை மில்லிவிநாடி நீளும். ஒன்றைக் குறிக்கும் அலை அதைப்போல் இருமடங்கு. இலக்கணம் பயின்ற நமக்குக் குறிலும் நெடிலும் நினைவுக்கு வராமல் போகாது. 48 கிலோபைட் நினைவகம் நிரம்ப நான்கரை நிமிடம் போல ஆகும். ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது பொருந்தாவிடில் 'டேப் லோடிங் எரர்' என்ற அறிவிப்பு வரும். பிழை நேர்ந்ததைக் கணினி அறியும். எங்கே நேர்ந்தது என்பதை அறியாது. நாடாவைச் சுற்றி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒலியென்றால் வானிலும் பரப்பலாமே! யூகோஸ்லாவியாவில் 1983 முதல் பெல்கிரேடு வானொலியின் 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் ஸோரான் மோட்லி அதைத்தான் செய்தார். நேயர்கள் அந்த இரைச்சலை நாடாவில் பதிந்து தத்தம் கணினிகளுக்கு ஊட்டினர்.

நாடாவின் காந்தப் பூச்சுக்கு ஆயுள் குறைவு. ஆகவே 1990-களில் ஆர்வலர்கள் நாடாக்களைக் கோப்புகளாகப் படியெடுக்கத் தொடங்கினர். 'டேப்' வகைக் கோப்பு எழுத்துகளை மட்டும் காத்தது. திருட்டுப் படியைத் தடுக்க அலைகளின் நீளத்தையே மாற்றிய நாடாக்களுக்கு அது போதவில்லை. அந்த நீளங்களையும் குறித்துவைக்க 'டிஇசட்எக்ஸ்' பிறந்தது.

இன்று அக்கோப்பை நம் மடிக்கணினி மீண்டும் ஒலியாக்குகிறது. டேப் ரெக்கார்டர் இருந்த இடத்தில் மடிக்கணினி. எளிதென்று தோன்றும். ஆயினும் எம்பி3 ஆகச் சுருக்கினால் அலையின் விளிம்பு மழுங்கிவிடக்கூடும். இசையை இனிமையாக்க மடிக்கணினி தானே செய்யும் மெருகும் கெடுதலே. மனிதச் செவிக்கு உவப்பானதெல்லாம் அப்பொறிக்கு உதவுவதில்லை. மெருகுகளை நீக்கி, ஒலியளவை உயர்த்தி, பொறுமையோடு காத்திருக்க வேண்டும்.

நினைவட்டை பொருத்தும் இணைப்புகள் வந்துவிட்டன. நவீனக் கணினியிலேயே பழையதைப் போலச்செய்யும் மென்பொருள்களும் உள்ளன. பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கோப்பு மிஞ்சி, அதைப் பொறியின் செவியில் ஓதும் முறை மறந்துபோனால், நாம் காத்தது எழுத்தை மட்டுமே. அதை வாசித்த விதத்தையன்று.