நீர் வடியும்போது தெரியும் ஊர்

பாழ்பட்ட குடியிருப்பின் முன் நின்று பேசத் தொடங்குவது பழைய அரபுக் கசீதாக்களின் மரபாகும். 'அத்லால்' எனப்படும் அவ்வெச்சங்களைக் கண்டு, கவிஞன் அங்கு வாழ்ந்து பெயர்ந்தோரை நினைவுகூர்வான். வகுப்பறையில் இதனைப் பலமுறை விளக்கியுள்ளோம். எனினும் 2024ஆம் ஆண்டுக் கோடையில், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்து நாகமரையில் நின்றபோதுதான் அதன் பொருள் நமக்கு முழுமையாக விளங்கிற்று.

நாகமரை, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையூர். எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. அணை நிறைந்திருக்கையில் மீனவர் பரிசல்களும் பயணிகள் படகும் வந்தணையும் துறை, அக்கோடையில் வறண்ட மேடாகக் கிடந்தது. 120 அடி கொள்ளும் அணையில் நீர்மட்டம் 50 அடியளவுக்கு இறங்கியிருந்தது. வெடித்த வண்டலில் நடந்து, எஞ்சிய நீரைப் பரிசலில் கடந்து மறுகரை சேர்ந்தோம். அங்கே, மூழ்கிய நாயம்பாடி என்னும் ஊரின் இரட்டைக் கோபுரக் கிறித்தவ ஆலயமும், சலகண்டேசுவரர் கோயிலின் பெரிய நந்தியும் வெளியே தெரிந்தன.

காரை உதிர்ந்த அந்த ஆலயத்தில் வழிபாடு நின்று தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. நீர் நிறைந்த காலத்தில் அவ்விடத்தில் வலை விரித்தால் சுவரில் சிக்கிக் கிழியும் என்றார் பரிசலோட்டி. ஒரு காலத்தில் மக்கள் கூடித் தொழுத இடம், இன்று மீனவர் விலகிச் செல்லும் அடையாளமாக எஞ்சியுள்ளது.

இவ்வூர் ஏன் கைவிடப்பட்டது? காவிரி நீர் குறித்து மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் நெடுங்காலம் நிலவிய பிணக்கு, 1924 பிப்ரவரி 18 ஒப்பந்தத்தில் ஒருவாறு முடிந்தது. அதன்பின் 1925இல் மேட்டூர் அணைப் பணி தொடங்கிற்று. 1934 ஆகஸ்டு 21இல் அணை திறக்கப்பட்டு, அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் பொருட்டு, ஆற்றோரத்து ஊர்கள் பல காலிசெய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று நாயம்பாடி.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பலவிடங்களில் பணிக்கிறது. ஆனால் அவ்வசனங்கள் சுட்டுவது சத்தியத்தை மறுத்து அழிந்த சமூகங்களை. நாயம்பாடி மக்கள் அத்தகையோர் அல்லர்; பிறர் வயல் விளையத் தம் ஊரை இழந்தவர்கள். ஆகவே இங்கு நாம் பெறும் படிப்பினை வேறு. அது நன்றியும் கடமையும் பற்றியது.

கூத்தாநல்லூர், இராஜகிரி, பண்டாரவாடை எனக் காவிரிப் படுகையில் நம்மவர் வாழும் ஊர்கள் பல. அப்படுகையின் வயல்கள் மேட்டூர் நீரால் விளைபவை. அந்நீர் யாருடைய முற்றத்தின் மீது தேங்கி வருகிறது என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

கெய்ரோவின் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (1364–1442) தமது 'கிதத்' நூலில் அந்நகரின் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் மட்டும் எழுதவில்லை. கிப்தியரின் தேவாலயங்களையும் மடங்களையும், யூதரின் ஆலயங்களையும் விரிவாகப் பதிந்தார். இடிந்து மறைந்தவையும் அதில் இடம்பெற்றன. தாம் வாழும் நிலத்தின் நினைவு முழுவதையும் காப்பது அறிஞனின் அமானிதம் என அவர் கருதியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அவ்வமானிதம் இன்று நம்மிடம் உள்ளது. அணையின் நீளம், கொள்ளளவு, திறப்பு நாள் ஆகியன எல்லோருக்கும் எளிதில் கிடைக்கின்றன. மூழ்கிய ஊர்களின் தெருக்களும் அங்கிருந்தோர் சென்ற திசைகளும் அவ்வாறு கிடைப்பதில்லை. அவற்றைக் கண்ணால் கண்டோர் இன்று இருப்பின், தொண்ணூறு கடந்த முதியோரே. அவர்தம் பிள்ளைகள் கேட்டறிந்ததையேனும் எழுதிவைத்தல் வேண்டும். எச்சமயத்தார் ஊராயினும் இப்பணி நமக்குரியதே.

2024 ஜூலை 30இல் அணை 120 அடியை எட்டி நிரம்பிற்று. நாம் நின்ற இடம், நந்தி, கோபுரங்கள் யாவும் மீண்டும் நீருக்குள் மறைந்தன. காவிரிப் படுகையின் உழவர் அச்செய்தி கேட்டு மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அம்மகிழ்ச்சியினூடே நாயம்பாடியின் பெயரை ஒருமுறை சொல்லிக்கொண்டோம்.